டிஸ்க் மறைந்தால் வீடியோ கேம் எங்களுக்கு எட்டாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீடியோ கேம் பற்றி நம் நாளிதழ்களில் வரும் செய்திகள் பெரும்பாலும் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்ற கவலையோடு முடிந்துவிடுகின்றன. அந்தக் கவலையில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இந்தப் பொழுதுபோக்குக்கு ஆகும் மொத்தச் செலவு எந்த அளவுக்கு உயர்ந்துவிட்டது, அந்த உயர்வு கடலூர் போன்ற ஊர்களில் மாதச் சம்பளத்தில் வாழ்பவர்களை எப்படி வெளியே தள்ளுகிறது என்பதை யாரும் எழுதக் காணோம் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுபவன். மஞ்சக்குப்பத்தில் மணிக்குப் பத்து ரூபாய் கொடுத்து டிவி கேம் ஆடிய காலத்திலிருந்து இந்த விளையாட்டின் மீது எனக்குப் பிரியம் உண்டு. இரண்டு தீபாவளி போனஸைச் சேர்த்து வைத்து, 2022 ஆகஸ்டில், எனக்கும் என் மகனுக்குமாக ஒரு பிளேஸ்டேஷன் 5 வாங்கினேன். டிவியோடு இணைத்து கேம் ஆடும் பெட்டி இது; இவ்வகைப் பெட்டியைக் கன்சோல் என்பார்கள். பெட்டியின் விலை 49,990 ரூபாய். இருவர் சேர்ந்து ஆட இரண்டாவது கண்ட்ரோலர் 5,990. ஒரு புதிய கேம் 4,999. முதல் நாளிலேயே 60,979 ரூபாய் என் நோட்டில் ஏறியது. அடிக்கடி மின்சாரம் ஏறி இறங்கும் தெரு என்பதால் ஸ்டெபிலைசர் தனி. இணையத்தில் பிறரோடு சேர்ந்து ஆட வேண்டுமானால் பெரும்பாலான கேம்களுக்கு ஆண்டுச் சந்தா தனி. முன்பு வந்த பிளேஸ்டேஷன் 3-இல் அதற்குக் காசு வாங்கியதில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து கண்ட்ரோலரின் குச்சி, கை வைக்காமலேயே தானாக நகரத் தொடங்கியபோது உத்தரவாதக் காலம் முடிந்திருந்தது. பழுது பார்ப்பதற்குப் புதிதாக ஒன்றை வாங்கிவிடலாம் என்றார்கள். அதற்கும் நோட்டில் ஒரு வரி சேர்ந்தது.

பொதுவாக மின்னணுப் பொருள்கள் நாளாக ஆக விலை குறையும். பிளேஸ்டேஷன் 2 அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு 299 டாலருக்கு வந்து, 2009-இல் 99 டாலருக்கு இறங்கியது. இன்று நடப்பது நேர் எதிர். நான் வாங்கிய மூன்றே மாதத்தில், 2022 நவம்பரில், அதே பெட்டி இந்தியாவில் 54,990 ரூபாய் ஆனது. அமெரிக்காவிலும் 499 டாலருக்கு வந்த அந்தப் பெட்டி 2025 ஆகஸ்டில் 549 டாலருக்கு உயர்ந்தது. 2014-இல் 60 ரூபாயை ஒட்டி இருந்த டாலர் 2025 டிசம்பரில் 90 ரூபாயைத் தாண்டிவிட்டது. கணினியில் ஆடலாம் என்று பார்த்தால், செயற்கை நுண்ணறிவு மையங்களுக்காக மெமரி சிப்புகள் அள்ளிச் செல்லப்படுவதால் ரேம் விலையும் ஏறி நிற்கிறது.

இவற்றையெல்லாம் நான் ஒருவாறு தாங்கிக்கொண்டேன் என்றால், அதற்கு ஒரே காரணம் கேம் பதிந்த பழைய டிஸ்க்குகள்தான். கடையில் அதைச் 'சிடி' என்றுதான் சொல்வோம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனை அழைத்துக்கொண்டு பேருந்தில் புதுச்சேரிக்குப் போவேன். ஜிஎஸ்டி வருவதற்கு முன் டிவி, ஃபிரிட்ஜ் வாங்கவே கடலூர்க்காரர்கள் விலை குறைவு என்று எல்லை தாண்டிப் போனதுண்டு. எங்களுக்கு அங்கே வேலை வேறு. அங்குள்ள ஒரு சிறிய கடையில், யாரோ ஆடி முடித்துக் கொடுத்த சிடியை 2,500 ரூபாய்க்கு வாங்குவோம். ஒரு மாதம் ஆடி, கீறல் விழாமல் உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தால் 2,000 ரூபாய் கழித்துக்கொண்டு அடுத்ததைத் தருவார். ஆக, ஒரு மாதத்து விளையாட்டுக்கு எங்களுக்கு ஆன செலவு 500 ரூபாயும் பேருந்துக் கட்டணமும். நாங்கள் கொடுத்ததை இன்னொரு வீட்டில் ஆடினார்கள். அவர்கள் கொடுத்தது எங்கள் வீட்டுக்கு வந்தது. பாடப் புத்தகத்தை அடுத்த வகுப்புப் பிள்ளைக்குக் கொடுப்பதைப் போன்ற ஏற்பாடு இது.

இந்த ஏற்பாட்டைத்தான் நிறுவனங்கள் இப்போது மெல்ல மூடிவருகின்றன. 2024 நவம்பரில் வெளிநாடுகளில் வந்த பிளேஸ்டேஷன் 5 புரோவில் டிஸ்க் போடும் பகுதியே இல்லை. வேண்டுமானால் தனியாகக் காசு கொடுத்து வாங்கிப் பொருத்த வேண்டும். நின்டெண்டோ நிறுவனத்தின் ஸ்விட்ச் 2 என்ற கன்சோலுக்கு விற்கப்படும் சில கேம் கார்டுகளில் கேமே இருப்பதில்லை. பதிவிறக்கம் செய்ய அனுமதிக்கும் சாவி மட்டுமே இருக்கிறது. இணையக் கடையில் 4,999 ரூபாய் கொடுத்து வாங்கிய கேமை நான் விற்க முடியாது, மைத்துனருக்குக் கொடுக்க முடியாது, அதற்கு மறுவிலை என்று ஒரு பைசாவும் இல்லை. விலைச்சீட்டில் எண் மாறாவிட்டாலும், 500 ரூபாயில் முடிந்த செலவு எனக்குப் பத்து மடங்கு ஆகிவிடுகிறது.

டிஸ்க் வைத்திருந்தாலும் சில சமயம் பயனில்லை. யூபிசாஃப்ட் நிறுவனம் 2014-இல் விற்ற 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய கேமின் சர்வர்களை, அதாவது அந்த கேம் இயங்க இணையம் வழியே தொடர்பு கொள்ள வேண்டிய கணினிகளை, 2024 மார்ச் 31 அன்று மூடிவிட்டது. காசு கொடுத்து வாங்கியவர்கள் அதன் பிறகு தனியாகக்கூட அதை ஆட முடியவில்லை.

இவ்வளவு செலவு என்றால் கைபேசியில் இலவசமாக ஆடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. என் மகனின் நண்பர்கள் அதைத்தான் செய்கிறார்கள். அங்கே உடை, துப்பாக்கியின் நிறம், சீசன் பாஸ் என்று ஐம்பது, நூறாகப் போகும் பணத்தை அவர்களின் பெற்றோர் எவரும் கூட்டிப் பார்த்ததில்லை. கணக்கு எழுதுபவன் என்ற முறையில், மொத்தமாகப் போகும் பணத்தைவிடச் சில்லறையாகப் போகும் பணமே எனக்கு அதிக அச்சத்தைத் தருகிறது.

அரசிடம் கேட்பதற்கும் ஒன்று உண்டு. 2018 பட்ஜெட்டில் கன்சோல்களின் இறக்குமதி வரி 10 விழுக்காட்டிலிருந்து 20 ஆக உயர்த்தப்பட்டது. 2019 ஜனவரியில் ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. அந்த விகிதங்களோடு சமூக நல மேல்வரியையும் சேர்த்தால், 100 ரூபாய்க்குத் துறைமுகத்தில் இறங்கும் பெட்டி 144 ரூபாய் ஆகிறது. பணம் கட்டி ஆடும் சூதாட்டங்களைத் தடை செய்த 2025-ஆம் ஆண்டின் இணைய விளையாட்டுச் சட்டம், மின்விளையாட்டை (போட்டியாக ஆடும் வீடியோ கேம், இ-ஸ்போர்ட்ஸ்) ஊக்குவிக்க வேண்டிய விளையாட்டு என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. அப்படியானால் அதற்கான கருவியின் மீதுள்ள வரியை மறுபரிசீலனை செய்வதே முறை.

ஆனால் வரியைவிட நான் வற்புறுத்துவது வேறொன்று. இணையத்தில் கேம் விற்பவர்கள், வாங்குபவருக்குக் கிடைப்பது பொருள் அல்ல, பயன்படுத்தும் உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி 1 முதல் சட்டம் நடைமுறையில் உள்ளது. நம் நாட்டின் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் வாங்குபவரின் அறியும் உரிமையை ஏற்கிறது. வாங்கும் கேமைத் திருப்பி விற்க முடியுமா, சந்தா இல்லாமல் ஆட முடியுமா, சர்வர் எந்த ஆண்டு வரை இயங்கும் என்ற மூன்று விவரங்களையும் கேமின் உறை மீதும் இணையக் கடையின் பக்கத்திலும் தமிழிலும் அச்சிடச் செய்ய வேண்டும். தங்கள் நாளிதழ் இது குறித்து நுகர்வோர் விவகாரத் துறையின் கருத்தைக் கேட்டு வெளியிட்டால், அடுத்த தீபாவளி போனஸில் பிள்ளைக்குக் கன்சோல் வாங்க எண்ணியிருக்கும் பெற்றோருக்கு, கடைக்குப் போவதற்கு முன்பே முழுக் கணக்கும் கையில் இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.