வெங்காயம் ஏன் சிவக்கிறது? சிக்கன் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஈரோட்டிலும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பள்ளிபாளையத்திலும் சாயங்காலம் அடுப்பு மூட்டுகிற சிக்கன் கடை அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும்,

வணக்கம். தள்ளுவண்டியில் சிக்கன் 65 போடுகிறவர்கள், பரோட்டாக் கல்லுக்குப் பக்கத்தில் சில்லி சிக்கன் கிண்டுகிறவர்கள், நாலு மேஜை போட்டு மெஸ் நடத்துகிறவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தறிப்பட்டறையில் கணக்கு எழுதிக்கொண்டு தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அந்த ஆறு வருடமும் ராத்திரிச் சாப்பாடு உங்களிடம்தான். சம்பளம் வருவதற்கு முந்தின வாரத்தில் இரண்டு பரோட்டாவுக்கு மூன்று கரண்டி சால்னா ஊற்றி, காசைப் பிறகு வாங்கிக்கொண்டவர்கள் நீங்கள். அதை நான் மறக்கவில்லை. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை கால் கிலோ 65 பார்சல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை, ஏனென்றால் எந்தக் கடையாகவும் இருந்திருக்கலாம். என் மகளுக்கு ஒன்பது வயது. துண்டுகளை எடுத்துத் தின்றுவிட்டு, அடியில் கிடந்த பச்சை வெங்காயத்தைத் தூக்கிக் காட்டி, “அப்பா, வெங்காயம் ஏன் ரோஸ் கலர்ல இருக்கு?” என்று கேட்டாள். பார்த்தேன். வில்லையாக நறுக்கிய வெங்காயத்தில் சிக்கன் பட்ட இடம் மட்டும் சிவந்திருந்தது. எலுமிச்சைத் துண்டின் வெள்ளைத் தோலும் அப்படியே. ஒரு துண்டு சிக்கனை டம்ளர் தண்ணீரில் போட்டேன். கலக்காமலேயே, துண்டைச் சுற்றி ஆரஞ்சு நிறம் கீழே இறங்கியது. ஐந்து நிமிடத்தில் அந்த டம்ளர், திருவிழாக் கடையில் விற்கிற கலர்த் தண்ணீர் மாதிரி இருந்தது.

மிளகாய் அப்படிச் செய்யாது. நீங்கள் தினமும் மிளகாயோடு வாழ்கிறவர்கள், உங்களுக்கே தெரியும். மிளகாயின் சிவப்பு எண்ணெயில்தான் இறங்கும், தண்ணீரில் இறங்காது. வீட்டுக் கோழிக் குழம்பில் மேலே மிதக்கிற எண்ணெய்தானே சிவப்பாக இருக்கிறது? கறியைச் சிவப்பாக்கத் தூவுகிற கேசரிப் பவுடர் நேர்மாறு. ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கே ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். வெங்காயம் சிவந்தது அதனால்தான்.

சாயத்தைப் பற்றி நமக்கு வெளியூர்க்காரர்கள் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. சாயப்பட்டறைக் கழிவு கலந்து காளிங்கராயன் வாய்க்காலில் தண்ணீர் எந்தெந்த நிறத்தில் ஓடியது என்று கண்ணால் பார்த்த ஊர் இது. உணவில் போடுகிற கலர் வேறு, துணிக்குப் போடுகிற சாயம் வேறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உணவுக் கலருக்கும் கணக்கு உண்டு. இனிப்பு, ஐஸ்கிரீம் மாதிரி அனுமதித்த பண்டங்களில் பெரும்பாலும் கிலோவுக்கு 100 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. கோழி வறுவல் அந்தப் பட்டியலிலேயே இல்லை. பேசினில் ஐந்து கிலோ கறியைக் கொட்டி, டப்பாவிலிருந்து இரண்டு விரலால் அள்ளித் தூவும்போது மில்லிகிராம் கணக்கு யாருக்குத் தெரியும்?

பக்கத்து மாநிலத்தில் நடந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கர்நாடகத்தில் 2024 மார்ச்சில் கோபி மஞ்சூரியனில் செயற்கைக் கலர் போடக் கூடாது என்றார்கள். ஜூன் மாதம் கபாப்புக்கும் அதே தடை வந்தது. கடைகளில் எடுத்த 39 கபாப் மாதிரிகளில் 8-இல் சன்செட் யெல்லோ, கார்மோசின் போன்ற கலர்கள் இருந்தன. மீறினால் பல ஆண்டு சிறை, பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று அறிவித்தார்கள். நம் மாநிலத்திலும் அதே வருடம் பிப்ரவரியில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது. அதில் இருந்தது ரோடமின் பி, துணிச் சாயமேதான். அதிகாரி வந்து கடையைப் பூட்டுகிற நாள் வரைக்கும் நீங்கள் காத்திருக்கக் கூடாது என்பதுதான் என் ஆசை. பூட்டினால் நஷ்டம் உங்களுக்கு மட்டும் இல்லை. அறை எடுத்துத் தங்கியிருக்கிற எத்தனையோ பையன்களுக்கு ராத்திரிச் சாப்பாடு போய்விடும்.

இதில் எனக்கு ரொம்ப வருத்தம் தருவது 65 கூட இல்லை. சென்னை புகாரி ஹோட்டலில் 1965-இல் பிறந்ததால் அந்தப் பெயர் என்று பலரும் சொல்கிறார்கள். நம் ஊருக்கு அது வந்து சேர்ந்த பண்டம், வரும்போதே சிவப்போடு வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் பள்ளிபாளையம் சிக்கனையும் சிவப்பாக்கிவிட்டோமே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அதை நான்தான் செய்வேன், அம்மாவிடம் பார்த்துக் கற்றுக்கொண்டது. ஒரு கிலோ கோழியைச் சின்னத் துண்டாக வெட்டித் தரச் சொல்லி வாங்கி வருவேன், தோலோடு என்றால் இன்னும் நல்லது. கால் கிலோ சின்ன வெங்காயம். வரமிளகாய் இருபது, ஒவ்வொன்றையும் இரண்டாகக் கிள்ளி, தட்டி விதையை உதிர்த்துவிட வேண்டும். விதை போய்விட்டால் காரம் அடங்கும், மணம் நிற்கும். வடச்சட்டியில் கடலெண்ணெய் காய்ந்ததும் கடுகு, கறிவேப்பிலை, அப்புறம் அந்த மிளகாய்த் தோல். அது கருகுவதற்கு ஒரு நொடி முன்னால் வெங்காயத்தைக் கொட்ட வேண்டும். அந்த ஒரு நொடியில்தான் எல்லாம் இருக்கிறது. முந்தினால் மணம் வராது, பிந்தினால் கசக்கும். வெங்காயம் கண்ணாடியாக வதங்கியதும் கறி, மஞ்சள்தூள், உப்பு. தண்ணீர் ஊற்றக் கூடாது. மூடி வைத்தால் கறி தானே விடுகிற நீரில் வேகும். அப்புறம் மூடியைத் திறந்து வைத்துச் சுருள வதக்கி, கடைசியில் பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காயைப் போட்டு இரண்டு பிரட்டு. மல்லித்தூள் கிடையாது, கரம் மசாலா கிடையாது.

இறக்கும்போது கறி தேன் நிறத்தில் இருக்கும். அங்கங்கே மிளகாய்த் தோல் ஒட்டியிருக்கும், தேங்காய் ஓரம் லேசாகப் பொன்னிறமாகி இருக்கும், சட்டியின் ஓரத்தில் கொஞ்சம் எண்ணெய் மட்டும் சிவந்து நிற்கும். அதுதான் அதன் நிறம். கோவைப் பக்கத்துச் சிந்தாமணி சிக்கனும் இதே மாதிரி மிளகாயை மட்டும் நம்பிய பண்டம்தான். இன்றைக்குப் பள்ளிபாளையம் பாலத்தைத் தாண்டியதும் இருக்கிற சில கடைகளிலேயே பள்ளிபாளையம் சிக்கன் என்று கேட்டால், செக்கச்செவேல் என்று மசாலா பூசி வருகிறது. சொந்த ஊரிலேயே அதன் நிறம் தொலைந்துவிட்டது.

ஏன் இப்படி ஆனது என்று யோசித்துப் பார்த்தேன். என் கணிப்பு, இது எண்ணெயில் தொடங்குகிறது. நேற்று மிச்சமான எண்ணெயில் இன்றைக்கும் பொரித்தால் துண்டு கருத்து, மங்கி, கசடு ஒட்டி வரும். அந்த மங்கலை மறைக்கத்தான் கலர் தேவைப்படுகிறது. புது எண்ணெயில் பொரித்த துண்டுக்குப் பொடி எதற்கு? எண்ணெயை மாற்றாமல் கலரை மட்டும் நிறுத்தினால் உங்களால் நாலு நாள்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. அதனால் இரண்டையும் சேர்த்தே கேட்கிறேன்.

பொரித்த எண்ணெயில், அது கெடக் கெடக் கூடுகிற போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலையிலிருந்து இருக்கிற விதி. அளக்கிற கருவி உங்களிடம் இருக்காது. ஆனால் உங்கள் கண்ணுக்குத் தெரியும்: சட்டியில் நுரை அடங்காமல் நிற்கும், சீக்கிரமே புகை வரும், கரண்டியில் எடுத்தால் பாகு மாதிரி இழுபடும். அந்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றவும் வேண்டாம், சில்லறைக் காசுக்குக் கேட்டு வருகிறவனிடம் கொடுக்கவும் வேண்டாம். அது சுற்றிவிட்டு இன்னொரு தள்ளுவண்டிக்குத்தான் போய்ச் சேரும். பயன்படுத்திய எண்ணெயை வாங்கிப் பயோடீசல் ஆக்குகிற திட்டம் அதே வருடம் ஆகஸ்டில் வந்துவிட்டது. பதிவு பெற்ற ஆட்கள் காசு கொடுத்தே எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு கடைக்குச் சேர்கிற அளவு குறைவுதான். ஒரு தெருவில் இருக்கிற பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே பேரலில் சேர்த்து வைத்தால் அவர்கள் வராமலா போவார்கள்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. மத்தியானமே அரைவேக்காடாகப் பொரித்துத் தட்டில் குவித்து வைத்து, ஆள் வரும்போது மறுபடி எண்ணெயில் முக்கித் தருவதை விட்டுவிடுங்கள். வெளியே மொறுமொறுப்பாக இருக்கும், எலும்பு ஓரம் வேகாமல் இருக்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கறி மணிக்கணக்காகக் கிடந்தால் கிருமி பெருகும். நம் பக்கத்து நாமக்கல்லில் 2023 செப்டம்பரில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுப் பெண் குழந்தை இறந்துபோனாள். அந்த வாரம் நான் எந்தக் கடையிலும் சாப்பிடவில்லை. என் மகள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அதுதான் நினைவுக்கு வந்தது.

உங்கள் கஷ்டம் தெரியாமல் இதையெல்லாம் அடுக்கவில்லை. பல்லடத்தில் கறிக்கோழி விலையை ஒரு நாள் ஏற்றுகிறார்கள், மறுநாள் இறக்குகிறார்கள். நீங்கள் பலகையில் எழுதிய விலையைத் தினமும் அழித்து எழுத முடியாது. புரட்டாசி வந்தால் பெஞ்ச் காலி. கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டு பாதிப் பேர் வர மாட்டார்கள். கடை சிலிண்டர் விலை, வாடகை, இப்போது செல்போனில் ஆர்டர் எடுக்கிற கம்பெனிக்குக் கமிஷன் வேறு. இந்த நெருக்கடியில் ஒரு டின் எண்ணெயை இன்னும் இரண்டு நாள் ஓட்டலாமா என்று மனசு போவது எனக்குப் புரிகிறது.

எங்கள் பக்கமும் தப்பு இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, இருபது வருடமாக வண்டிக்கடை போடுகிறவர். இந்தப் பேச்சை எடுத்ததும் சொன்னார்: “ஒரு நாள் கலர் போடாமப் போட்டுப் பார்த்தேன் தம்பி. முதல்ல வந்த பையனே, என்னக்கா நேத்துப் போட்டதான்னு கேட்டுத் திருப்பிக் குடுத்துட்டான். அன்னிக்கு ரெண்டு கிலோ அப்படியே நின்னுபோச்சு.” அதைச் சொல்லும்போது அவர் முகம் சுருங்கிப்போனது. சிவப்பாக இருந்தால் புதுசு, சிவப்பாக இல்லாவிட்டால் பழசு என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது சாப்பிடுகிற நாங்கள்தான்.

அதனால் நாங்களும் மாற வேண்டும். எங்கள் தெருவில் பேசிவிட்டோம். கடையில் “கலர் சேர்ப்பதில்லை” என்று ஒரு அட்டை தொங்கினால் அந்தக் கடையில்தான் வாங்குவது, துண்டு பழுப்பாக இருக்கிறது என்று யாரும் முகம் சுளிக்கக் கூடாது, பிளேட்டுக்குப் பத்து ரூபாய் கூடினாலும் பேரம் பேசக் கூடாது. இதைப் பெண்கள்தான் முதலில் ஒத்துக்கொண்டார்கள்.

கொஞ்சம் நிறம் வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது. பியாடகி மிளகாயை வெந்நீரில் அரை மணி ஊறவைத்து விழுதாக அரைத்து, கெட்டித் தயிர், இஞ்சி பூண்டு, உப்போடு கறியில் பிசைந்து ஒரு மணி நேரம் குளிர்ச்சியில் வையுங்கள். பொரிக்கப் போகும்போது அரிசி மாவும் ஒரு முட்டையும் சேர்த்தால் போதும். காரம் ஏறாது, நிறம் ஏறும். ரத்தச் சிவப்பு வராது, செங்கல் நிறம் வரும். வீட்டில் மூன்று தரம் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். மிளகாய்க்குக் காசு கூடும், பொய் சொல்ல மாட்டேன். முதலில் வாரத்தில் ஒரு நாள் போட்டுப் பாருங்கள். வியாபாரம் குறைந்த செவ்வாய்க்கிழமையாகப் பார்த்துத் தொடங்கலாம்.

அந்த அக்கா வருகிற செவ்வாய்க்கிழமை மறுபடி போட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். முதல் கால் கிலோ எனக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன். மகளையும் கூட்டிக்கொண்டு போவேன். உங்களில் வேறு யாராவது அட்டை மாட்டினால் தகவல் சொல்லுங்கள், அடுத்த வாரம் அங்கே வருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் கடைப் பெஞ்சில் சாப்பிட்டு வளர்ந்த ஒருவன்,
ஈரோடு