என் கையிலும் பட்டையைச் சுற்றியவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

வணக்கம். பெயர் போட்டு எழுதினால் உங்களில் பாதிப் பேர் கூச்சப்படுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் யார் பெயரும் இதில் இல்லை. படிக்கும்போது இது நான்தான் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நான்கு வருடம் ஆகிறது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறிவிட்டது. அடுத்த வருடமே அம்மாவுக்கு மறதி நோய் என்று உறுதியானது. ஒரே அறையில் இரண்டு கட்டில், நடுவில் நான். இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லையென்றால் இடுப்பிலும் குதிகாலிலும் தோல் சிவந்து புண்ணாகிவிடும். அதற்குள் அம்மா எழுந்து வாசல் கதவைத் திறக்கப் போவார். இப்படியே மூன்று வருடம் போயிற்று. பார்த்தவர்கள் "தெய்வம் மாதிரி பாத்துக்கிறே" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் அதைக் கேட்டபிறகு "என்னால முடியல" என்று சொல்ல வாய் வராது. நீங்கள் யாரும் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. முதல் நன்றி அதற்குத்தான்.

அப்பாவுக்குக் கதீட்டர் என்ற சிறுநீர்க் குழாயை மாற்ற வரும் நர்ஸ் தங்கையே, உன்னிடமிருந்து தொடங்குகிறேன். அன்று அப்பாவின் கையிலிருந்து பி.பி. பட்டையைக் கழற்றியவள், பையில் வைக்காமல் என் கையில் சுற்றினாய். 178/104. "அக்கா, இது உங்களோடது. கடைசியா எப்ப பாத்தீங்க?" என்று கேட்டாய். என்னிடம் பதில் இல்லை. அப்பாவுக்குக் காலையும் மாலையும் பார்த்து எழுதிய நோட்டுப் புத்தகங்கள் அலமாரியில் வரிசையாக இருந்தன. ஒரு பக்கத்தில்கூட என் பெயர் இல்லை. நீ ஒன்றும் சொல்லாமல் ஸ்கேலை எடுத்து, அப்பாவுக்கு இருந்த இரண்டு கட்டங்களுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டாய். மேலே "அக்கா" என்று எழுதினாய். நான்கு வருடத்தில் அந்த வீட்டில் எனக்கென்று ஒதுக்கப்பட்ட முதல் இடம் அதுதான்.

டாக்டர், உங்களுக்கு. மாத்திரை எழுதுவதற்கு முன்னால் என் விரலில் இருந்த காயத்தைப் பார்த்து "இது எப்ப பட்டது?" என்று கேட்டீர்கள். ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும், அம்மாவுக்கு நகம் வெட்டும்போது என்றேன். சர்க்கரை இருக்கிறதா என்று சோதித்தீர்கள், இல்லை. அப்போதுதான் 1995-ல் அமெரிக்காவில் ஜேனிஸ் கீகோல்ட் கிளேசர் குழு செய்த ஆய்வைப் பற்றிச் சொன்னீர்கள். மறதி நோய் வந்த உறவினரைப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்கள், அதே வயதில் அந்தப் பொறுப்பு இல்லாத 13 பெண்கள். எல்லோர் கையிலும் ஒரே அளவில், மூன்றரை மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சிறு காயம். மற்றவர்களுக்கு அது ஆறச் சராசரியாக 39 நாள் ஆனது, பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு 48 நாளுக்கு மேல். "மனசு சோர்ந்தா தோலுக்கும் தெரியும்" என்றீர்கள். இதற்கு முன் பலர் என்னிடம் "உன் உடம்பையும் பாத்துக்கோ" என்று சொல்லியிருக்கிறார்கள். அதெல்லாம் பேச்சுவாக்கில் சொல்வது என்றே விட்டுவிடுவேன். ஒன்பது நாள் என்ற கணக்கை அப்படி விட முடியவில்லை. என் விரலிலேயே அது இருந்தது.

நீங்கள் அனுப்பிவைத்த சமூகப் பணியாளர் அம்மாவுக்கு நன்றி சொல்ல எனக்கு இன்னும் சரியான வார்த்தை கிடைக்கவில்லை. ஸ்டீவன் ஜாரிட் என்பவர் வகுத்த 22 கேள்விகளை அவர் என் முன்னால் வைத்தார். பார்த்துக்கொள்பவர் எவ்வளவு பாரம் சுமக்கிறார் என்று அளக்கும் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை மதிப்பெண். நோயாளி அருகில் இருக்கும்போது உங்களுக்குக் கோபம் வருகிறதா என்பது அதில் ஒன்று. பேனா அங்கேயே நின்றுவிட்டது. பொழுது சாயும் நேரத்தில் அம்மாவுக்குக் குழப்பம் அதிகமாகும். பக்கத்துக் கட்டிலில் அப்பா படுத்திருக்க, "அப்பா எங்கே, இன்னும் வரலையே" என்று திரும்பத் திரும்பக் கேட்பார். அதற்கு முந்தின வாரம், எத்தனையாவது முறையோ தெரியாது, நான் கத்தினேன். அம்மா சுவரோரமாக ஒதுங்கி நின்றார். யார் திட்டுகிறார்கள் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. இதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

நீங்கள் "இது கேள்வித்தாள்ல இருக்குன்னா, உங்களுக்கு முன்னாடி எத்தனை பேருக்கு வந்திருக்கணும்?" என்றீர்கள், சமூகப் பணியாளர் அம்மா. அவ்வளவுதான். ஒரு மணி நேரம் அழுதேன், நீங்கள் நகரவில்லை. பிறகு, அம்மாவின் கேள்விக்கு உண்மையைச் சொல்லித் திருத்த வேண்டியதில்லை, அந்தக் கேள்வியின் அடியில் இருக்கும் பயத்துக்குப் பதில் சொன்னால் போதும் என்று சொல்லிக்கொடுத்தீர்கள். இப்போது நான் "அப்பா வந்துடுவார், நீ என் கையைப் பிடிச்சுக்கோ" என்கிறேன். பாதி நாள் பலிக்கிறது. இன்னும் அதிகமாகச் செய்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறதா என்ற கேள்விக்கு அன்று நான்கு போட்டேன். இன்று கேட்டால் இரண்டு போடுவேன். பூஜ்யம் போடும் நாள் வரும் என்று நான் நினைக்கவில்லை, அது வர வேண்டும் என்றும் இல்லை.

பிசியோதெரபி தம்பிக்கு என் முதுகு நன்றி சொல்கிறது. அதுவரை அப்பாவை அக்குளில் கை கொடுத்து இழுத்துத்தான் தூக்குவேன். அவர் தோளுக்கும் கேடு, என் இடுப்புக்கும் கேடு. "நீங்க தூக்கலை, அவர் எந்திரிக்கிறார், நீங்க கூட நிக்கிறீங்க" என்று முதலில் என் மனதைத் திருத்தினாய். இடுப்பில் பெல்ட், கட்டில் விளிம்புக்கு அவரை நகர்த்துவது, பாதம் இரண்டும் தரையில் ஊன்றியிருப்பது, மூக்கு முழங்காலைத் தாண்டும் அளவு முன்னால் குனியவைப்பது, வலுவில்லாத வலது முழங்காலை என் முழங்காலால் தாங்குவது, நாற்காலி எப்போதும் அவருடைய நல்ல பக்கத்தில். அப்பாவுக்குப் பயிற்சி கொடுக்கும்போது என்னையும் எதிரில் உட்காரவைத்து அதையே செய்யச் சொன்னாய். அப்பா இடது கையைத் தூக்குவார், நானும் தூக்குவேன். பத்து நிமிடம். அந்த நேரத்தில் நான் அவருக்கு வேலை செய்பவள் இல்லை. எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் அப்பாவும் மகளும், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு அக்கா, "ஏதாவது வேணும்னா சொல்லு" என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் என்ன வேண்டும் என்று யோசிப்பதும், யாரைக் கேட்பது என்று தயங்குவதும், கேட்டுவிட்டுக் கூசுவதும் எனக்கு இன்னொரு வேலை. நீங்கள் கேட்கவே இல்லை. "வியாழக்கிழமை நாலு மணியிலேர்ந்து ஆறு மணி வரைக்கும் நான் இங்க இருப்பேன். நீ போ" என்றீர்கள். எங்கே போவது என்று எனக்குத் தெரியவில்லை. முதல் வியாழன் செருப்பைப் போட்டுக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்து இரண்டு மணி நேரமும் உள்ளே கேட்கும் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் கதவைத் திறந்து பார்த்தீர்கள். ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டீர்கள். அடுத்த வியாழன் தெருக்கோடி வரை நடந்தேன். மூன்றாவது வியாழன் தோழி வீட்டுக்குப் போய், அவள் படுக்கையில் விழுந்து தூங்கினேன். என்னை எழுப்ப அவளுக்கு மனம் வரவில்லை, ஏழு மணிக்குத்தான் திரும்பினேன். ஓடிவந்தால் நீங்கள் அம்மாவுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தீர்கள்.

அண்ணா, உன் மேல் இரண்டு வருடம் கோபமாக இருந்தேன். உனக்கும் அது தெரியும். தூரத்தில் இருப்பவனுக்கு என்ன தெரியும் என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். என் ரத்த அழுத்தம் தெரிந்த அன்று இரவு நீ "நான் அங்க இல்லாம என்ன செய்ய முடியும், பட்டியல் போடு" என்று கேட்டாய். காப்பீட்டுக் காகிதங்கள், மருந்து தீருமுன் வரவழைப்பது, டாக்டர்களிடம் நேரம் வாங்குவது எல்லாம் உன் பக்கம் போயிற்று. அவற்றையெல்லாம்விடப் பெரியது சாயங்கால வீடியோ அழைப்பு. அம்மாவின் குழப்பம் கூடும் அந்த ஒரு மணி நேரமும் நீ திரையில் இருக்கிறாய். பழைய கதைகளை அவர் தப்புத் தப்பாகச் சொல்ல, நீ "ஆமாம்மா" என்கிறாய். அந்த நேரத்தில் நான் குளிக்கிறேன், அவசரமில்லாமல்.

நீயும் அண்ணியும் முதல்முறை பத்து நாள் வந்து வீட்டை எடுத்துக்கொண்டபோது, உங்களுக்காக எல்லாவற்றையும் எழுதிவைத்தேன். எந்த மாத்திரை எப்போது, சாப்பிடும்போது நிமிர்ந்து உட்காரவைப்பது, பிறகும் அரை மணி நேரம் படுக்கவிடக் கூடாது என்பது, புரையேறாமல் இருக்கத் தண்ணீரைக் கெட்டியாக்கித் தருவது, அம்மாவுக்குத் திடீரென்று ஒரே நாளில் குழப்பம் கூடினால் சிறுநீர்த் தொற்றா என்று பார்க்கச் சொல்வது. நாற்பது பக்கம் வந்தது. இத்தனையையும் தலைக்குள் சுமந்துகொண்டு நான் ஏன் தூக்கம் வரவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் நாள் பதினான்கு முறை போன் செய்தாய். மூன்றாம் நாள் ஒருமுறைகூட இல்லை. உன்னால் முடியாது என்று நினைத்ததற்கு மன்னித்துக்கொள்.

வாரத்தில் மூன்று இரவு என்னை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டுத் தாத்தாவைப் புரட்டிப் படுக்கவைக்கும் மகனுக்கும் அவன் அப்பாவுக்கும், வேலை நேரத்தை மாற்றிக்கொள்ள அனுமதித்ததோடு காரணம் கேட்காமலும் இருந்த அலுவலகத்து மேலாளருக்கும் நேரில் சொல்லிக்கொள்கிறேன்.

கடைசியாக அப்பா. பத்து நாள் கழித்து நான் திரும்பி வந்தபோது, என்னை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபம் என்று நினைத்தேன், விட்டுப் போய்விட்டேனே என்று. பேச வாயெடுத்தார். வார்த்தை வரவில்லை. மறுபடி முயன்றார். நான் ஊகித்துச் சொல்ல ஆரம்பித்தேன், இடது கையால் நிறுத்தினார். தானே சொல்ல வேண்டும் என்று இருந்தது அவருக்கு. நெற்றி வியர்த்துவிட்டது. "தூங்...கினியா?" என்றார். தூங்கினேன்பா என்றேன்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. போன மாதத்திலிருந்து அம்மாவுக்கு என் பெயர் மறந்துவிட்டது, "வாம்மா" என்று மட்டும் கூப்பிடுகிறார். வாசலைத் தாண்டும்போது நெஞ்சு இன்னும் ஒருமுறை அடைக்கிறது. ஆனாலும் தாண்டுகிறேன்.

நர்ஸ் தங்கைக்கு: இன்று காலை மூன்றாவது கட்டத்தில் 134/86 என்று எழுதியிருக்கிறேன். அக்காவுக்கு: வரும் வியாழன் நாலு மணிக்குச் செருப்பைப் போட்டுக்கொண்டு தயாராக இருப்பேன். அம்மாவின் சீப்பு ஜன்னலோரம் இருக்கிறது.

அன்புடன்,
இரண்டு கட்டிலுக்கு நடுவில் இருக்கும் மகள்