1931ஐக் கற்பிப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வரலாற்றுப் பாட ஆசிரியர்களுக்கும், சர்வசன வாக்குரிமையின் நூற்றாண்டு நிகழ்வுகளைத் திட்டமிடவிருக்கும் மகளிர் அமைப்பினருக்கும்,

வணக்கம்.

2031ஆம் ஆண்டுடன் இலங்கையில் சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்து நூறு ஆண்டுகள் நிறைவுறும். அதற்கான கட்டுரைகளும் கண்காட்சிகளும் பாடக் குறிப்புகளும் இனித்தான் எழுதப்படும் என்பதால், எழுதப்படுவதற்கு முன்பே ஒரு வேண்டுகோளை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். “இலங்கைப் பெண்கள் 1931இல் வாக்குரிமை பெற்றனர்” என்ற வாக்கியத்தை அந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்து முடித்துவிடாதீர்கள். பல ஆண்டுகள் வகுப்பறையில் அவ்வாறே முடித்தவள் நான். அந்த நாட்களில் என் முன்வாங்கில் இருந்த பிள்ளைகளில் அநேகரின் பாட்டிமார், 1931க்குப் பின்னரும் பல பத்தாண்டுகள் வாக்களிக்க இயலாமல் இருந்தவர்கள். மலையகத்தில் பிறந்த எனக்கே அதைச் சொல்லத் தோன்றவில்லை என்பதை இன்றும் வருத்தத்தோடு நினைத்துக்கொள்கிறேன்.

இலங்கையின் அரசியலமைப்பை ஆராயப் பிரித்தானிய அரசு அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்தபோது, சனத்தொகையில் ஏறத்தாழ 4 சதவீதத்தினருக்கே வாக்குரிமை இருந்தது. சொத்தும் கல்வியும் உடைய ஆண்களின் உரிமை அது. அடுத்த மாதமே கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைந்தது. டெய்சி டயஸ் பண்டாரநாயக்கா தலைமை வகித்தார். கண்டியைச் சேர்ந்த அக்னஸ் டி சில்வா செயலாளர். கனடாவிலிருந்து வந்து ஒரு தமிழரை மணந்து இங்கேயே வாழ்ந்த மருத்துவர் மேரி ரட்ணமும் முன்னின்றவர்களில் ஒருவர். பெரும்பாலும் வசதியும் ஆங்கிலக் கல்வியும் வாய்த்த குடும்பப் பெண்களே அச்சங்கத்தில் இருந்தனர். அதனால் அவர்கள் தமக்கு மட்டும் கேட்டிருந்தாலும் எவரும் வியந்திருக்கமாட்டார்கள்.

ஆணைக்குழுவின் முன் அவர்கள் சாட்சியமளித்தபோது நடந்த ஓர் உரையாடலை அக்னஸ் டி சில்வா பின்னர் நினைவுகூர்ந்திருக்கிறார். தோட்டங்களில் கூலி வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குக் கேட்கிறீர்களா என்று டொனமூர் பிரபு வினவினார். நிச்சயமாக, அவர்களும் பெண்கள்தான், எல்லாப் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்று அக்னஸ் விடையளித்தார். இந்த விடை எவ்வளவு பெரியது என்பதை விளங்கிக்கொள்ள, தோட்டத்தில் ஒரு பெண்ணின் உழைப்புக்கு அன்று என்ன விலை இருந்தது என்று பார்க்கவேண்டும். 1927இல் இயற்றப்பட்ட குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி பின்னர் வரையறுக்கப்பட்ட நாட்கூலி, மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். விடியுமுன் எழுந்து, ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்று, கூடையைச் சுமந்து மலையேறி, கொழுந்து பறித்து நிறுத்துவிட்டு லயம் என்ற வரிசை வீட்டுக்குத் திரும்பிச் சமைத்த பெண்ணின் கூலி சட்டப்படியே குறைவாக இருந்தது. அப்படிப்பட்டவளும் தம்மைப் போன்ற வாக்காளரே என்று கொழும்பில் ஒரு பெண் சொன்னார். நூற்றாண்டு விழாவில் வேறு எது விடுபட்டாலும் இந்தக் கேள்வியும் விடையும் விடுபடக்கூடாது என்பது என் ஆசை.

ஆணைக்குழு தன் 1928ஆம் ஆண்டு அறிக்கையில் ஆண்களுக்கு 21 வயதிலும் பெண்களுக்கு 30 வயதிலும் வாக்குரிமை பரிந்துரைத்தது. அதே ஆண்டு பிரித்தானியப் பெண்களுக்கு 21 வயதில் சம வாக்குரிமை கிடைத்திருந்த நிலையில், இங்கும் அது 21 ஆயிற்று. எதிர்ப்பு குறைவாக இருக்கவில்லை. சேர் பொன். இராமநாதன் போன்ற பெருந்தலைவரே பெண்களுக்கும் சாதியால் ஒடுக்கப்பட்டோருக்கும் வாக்களிக்கும் உரிமை கொடுப்பதை எதிர்த்தார் என்பதையும் நாம் மாணவருக்கு மறைக்காமல் சொல்லவேண்டும். 1929 டிசம்பரில், அன்றைய சட்டமியற்றும் அவையான சட்டநிரூபண சபை டொனமூர் திட்டத்தை 19க்கு 17 என்ற வாக்குகளால் ஏற்றது. இரண்டே வாக்குகள் வித்தியாசம்.

அக்னஸ் டி சில்வா கேட்டது முழுமையாகக் கிடைக்கவில்லை. இந்தியத் தமிழருக்கு வாக்குரிமை அளிப்பதற்கு எதிரான குரல்கள் வலுத்ததால், சட்டம் வெளிவந்தபோது அவர்களுக்கென நிபந்தனைகள் சேர்ந்திருந்தன: இலங்கையே தம் நிலையான வதிவிடம் என்று காட்டவேண்டும், அல்லது கல்வித் தகைமையும் சொத்துத் தகைமையும் இருக்கவேண்டும், அல்லது ஐந்து ஆண்டு வதிவோடு நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ் பெறவேண்டும். மற்றப் பெண்களிடம் நீக்கப்பட்ட கல்வி, சொத்துத் தடைகள் கொழுந்து பறித்த பெண்ணின் வாசலில் மட்டும் எஞ்சி நின்றன. இருந்தும் பலர் பதிவு பெற்றார்கள். மீனாட்சி அம்மாள், தொழிற்சங்கத் தலைவரான தம் கணவர் கோ. நடேசய்யரோடு தோட்டந்தோட்டமாகச் சென்று, தொழிலாளர் உரிமையைப் பாட்டாகவே பாடிய காலம் அது. 1932இல் நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கிலிருந்து, டொனமூர் திட்டப்படி அமைந்த சட்டசபையான அரசாங்க சபைக்குத் தெரிவானார். அச்சபையில் அமர்ந்த முதல் தமிழ்ப் பெண் அவர்.

1947 தேர்தலில் இந்தியத் தமிழரின் அமைப்பான இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. என் பாட்டி முதன்முதலாக வாக்களித்தது அந்தத் தேர்தலில்தான். விவரங்களை அவர் மறந்துபோனார். ஆனால் அன்று பெட்டியிலிருந்த ஒரே நல்ல சேலையை உடுத்திச் சென்றதை மட்டும் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஆண்டு வந்த 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை, பெண்களின் வரலாற்றைக் கற்பிப்போர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் கூர்ந்து படிக்கவேண்டும். இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜையாவதற்கு அவருடைய தந்தை இங்கே பிறந்திருக்கவேண்டும்; இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்கவேண்டும். தாய் எந்த லயத்தில் பிறந்தாள், எத்தனை ஆண்டு எந்த மலையில் கொழுந்து பறித்தாள் என்பது கணக்கில் வரவில்லை. என் பாட்டியும் அவருடைய தாயும் ஒரே தோட்டத்தில் பிறந்தவர்கள். பாட்டியின் தந்தையோ புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து சிறுவனாக வந்தவர். அதனால் என் பாட்டி பிரஜை அல்ல என்றாயிற்று. 1949இன் தேர்தல் திருத்தச் சட்டம் பிரஜைகளுக்கு மட்டுமே வாக்கு என்றதும், பெயர் பட்டியலிலிருந்து நீங்கியது. அன்று இந்தியத் தமிழர் எனப்பட்ட மலையகத் தமிழரில் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் நாடற்றவராயினர். வாக்குரிமை கிடைத்து இருபது ஆண்டுகூட நிறையாத பெண்கள் அவர்களுள் இருந்தார்கள்.

1952 சனவரியில், தமிழ்நாட்டில் இருந்த பாட்டியின் உறவுக்காரப் பெண்கள் சுதந்திர இந்தியாவின் முதற் பொதுத் தேர்தலில் வாக்களித்தார்கள். அதே ஆண்டு மே மாதம் இலங்கையில் நடந்த தேர்தலில் என் பாட்டிக்கு வாக்கில்லை. 1960இல் இந்நாடு உலகின் முதல் பெண் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்காவைக் கண்டது. அந்தப் பெருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவரும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 1964இல் கைச்சாத்திட்ட ஒப்பந்தம், நாடற்றிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டபோது, அந்தப் பெண்களில் எவரையும் யாரும் கேட்கவில்லை. நாடற்றோர் பிரச்சினையைத் தீர்ப்பதற்கான முக்கியச் சட்டங்கள் 1988இலும் 2003இலும் வந்தன. தாய்வழியாகவும் பிள்ளைக்குப் பிரஜாவுரிமை உண்டு என்ற திருத்தமும் 2003ஆம் ஆண்டுக்குரியதே. என் பாட்டி இரண்டாம் முறை வாக்களித்தது 1994இல். இடையில் 47 ஆண்டுகள்.

2024 நவம்பரில் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார்கள். மலையகத் தமிழ்ப் பெண்கள் அந்த அவைக்குத் தெரிவானது அதுவே முதன்முறை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இவ்வளவே. 1931ஐக் கற்பிக்கும் அதே பாடவேளையில் 1949ஐயும் 1988ஐயும் 2003ஐயும் கற்பியுங்கள். கண்காட்சியில் வாக்குரிமைச் சங்கத்துப் பெண்களின் படங்களை வைக்கும் சுவரிலேயே பிரஜாவுரிமைச் சட்டத்தின் அந்தப் பிரிவையும் ஒட்டிவையுங்கள். தோட்டப் பாடசாலைகளில் இருப்போர், தம் மாணவரிடம் ஒரு தாளைக் கொடுத்து, வீட்டிலுள்ள மூத்த பெண்கள் எந்த ஆண்டில் முதன்முதலாக வாக்களித்தார்கள் என்று கேட்டு எழுதிவரச் செய்யுங்கள். அவ்விதம் சொல்லக்கூடியவர்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்துவருகிறது. 2031 வரை காத்திருக்காமல் இந்தத் தவணையிலேயே அதைத் தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்றாசிரியை ஒருவர்,
நுவரெலியா மாவட்டம்