ரேடார் 'இல்லை' என்று காட்டினால்...

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இடிபாடுகளில் சிக்கியவர்களை ரேடார் மூலம் கண்டுபிடிப்பது பற்றிய கட்டுரை படித்தேன். விறுவிறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் கருவியைக் கொண்டுபோய் வைத்துவிட்டால் உள்ளே யார் இருந்தாலும் திரையில் தெரிந்துவிடுவார்கள் என்ற நினைப்பை அது உண்டாக்குகிறது. ரேடாரோடு பல காலம் மல்லுக்கட்டியவன் என்பதால் சும்மா இருக்க முடியவில்லை.

ரேடார் இடிபாட்டுக்குள் ரேடியோ அலையை அனுப்பி, மோதித் திரும்பி வருவதைப் பார்க்கிறது. அதில் கருவிக்குத் தெரிவதெல்லாம் அசைவு மட்டுமே. மூச்சு விடும்போது மார்பு சில மில்லிமீட்டர் ஏறி இறங்கும். இதயத்துடிப்பால் உடலின் மேற்பரப்பில் ஏற்படும் அசைவோ ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கல்லும் மண்ணும் திருப்பியனுப்பும் அலை, உடலிலிருந்து திரும்பும் அலையைவிடப் பல மடங்கு வலுவானது. நல்லவேளையாக, அது மாறாமல் அப்படியே இருக்கும். அதைக் கழித்துவிட்டு, நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை வரும் மூச்சை மிச்சத்தில் தேடுகிறார்கள். சுற்றி நிற்கிறவர்களும் மூச்சு விடுகிறார்களே! அதனால்தான் கூட்டத்தை விலக்கி, இயந்திரங்களை நிறுத்தி, கருவியை இயக்குபவரே தள்ளிப்போய் நிற்க வேண்டியிருக்கிறது. காற்றில் ஆடும் ஒரு வயர் போதும், ஆளைக் குழப்ப.

நாசாவின் ஆய்வகம் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையோடு சேர்ந்து உருவாக்கிய 'ஃபைண்டர்' கருவி, 2015 நேபாள நிலநடுக்கத்தின்போது சௌதாரா என்ற ஊரில் நான்கு பேர் மீட்கப்பட உதவியது. இடிபாடு சில இடங்களில் 10 அடி வரை இருந்தது. பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் அங்கே குவிந்து கிடந்தவை செங்கல், மண், மரம். அதே கருவி உலோகத் தகட்டைத் தாண்டிப் பார்க்காது. கம்பி நெருக்கமாகக் கட்டிய கான்கிரீட் தளம் அலையின் பெரும்பகுதியைத் திருப்பிவிடும். மழையில் ஊறிய களிமண் உறிஞ்சிக்கொள்ளும். 30 அடி ஆழம் வரை கண்டுபிடிக்கும் என்று விளம்பரப்படுத்தும்போது இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை.

என் பயம் இதுதான்: திரை வெறுமையாக இருக்கிறது, இனி பொக்லைனை இறக்கலாம் என்று யாராவது முடிவெடுத்துவிடுவார்கள். 'உண்டு' என்று கருவி சொன்னால் உடனே தோண்டலாம். 'இல்லை' என்றால் இன்னொரு கோணத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், ஒலி கேட்கும் கருவியை இறக்க வேண்டும், மோப்ப நாயை விட வேண்டும். நாயின் மூக்குக்கு, வாடை கசிய ஓர் இடுக்கு போதும். உங்கள் கட்டுரையில் நாய்க்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை. அடுத்த இதழிலாவது ஒதுக்குங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ரேடார் தொழில்நுட்பர் ஒருவர்