அளந்தது எந்தப் பதிப்பு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஃபிரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் 14-ஆம் பதிப்பு பற்றி 2023-இல் தங்கள் கணினிப் பக்கத்தில், "பழைய 13-ஐவிட மந்தம், மாறுகிறவர்கள் ஏமாந்து போவார்கள்" என்று வெளிவந்தது. அந்த வரி இன்னும் மனத்தை அறுக்கிறது. அப்போது 14 வெளிவரவே இல்லை. அது வந்தது 2023 நவம்பர் 20 அன்று. தாங்கள் ஒர்க்ஸ்டேஷனில் ஏற்றி அளந்தது வளர்ச்சியில் இருந்த கரண்ட் ஸ்னாப்ஷாட், அதாவது முடிவடையாத சோதனைப் பதிப்பு. தாங்கள் அச்சிட்ட படத்திலேயே திரையில் "லாக் ஆர்டர் ரிவர்சல்" (பூட்டுகளின் வரிசை பிறழ்ந்தது) என்ற எச்சரிக்கை தெரிகிறதே! விட்னெஸ் என்ற பிழைதேடும் வசதி இயங்கும் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் உட்கரு, எழுதும் வரி அது.

தாங்கள் அறியாததல்ல. ஒரே தரவை இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் மாற்றாமல் தடுக்கும் பூட்டுகள் எந்த வரிசையில் எடுக்கப்படுகின்றன என்பதை விட்னெஸ் ஓயாமல் கண்காணிக்கும். இன்வேரியண்ட்ஸ் என்ற இன்னொரு வசதி கெர்னலின் உள்நிலையை அடிக்கடி சரிபார்க்கும். நினைவகம் ஒதுக்கும் மாலாக்கிலும் பிழைதேடும் சோதனைகள் இருக்கும். இவை வேகத்தைப் பெரிதும் குறைக்கும், அளப்பதானால் அணைத்துவிட்டு அளக்க வேண்டும் என்று உருவாக்கியவர்களே மூலநிரலுடன் வரும் அப்டேட்டிங் என்ற குறிப்புக் கோப்பின் தொடக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். சாரம் பிரிக்காத கோபுரத்தைக் குறை சொல்வது என்ன நியாயம்?

சாட்ஸ்வொர்த்தில் என் பட்டறையில் ஒரே இயந்திரத்தில் இரண்டு வட்டுகளில் அந்த ஸ்னாப்ஷாட்டையும் இறுதிப் பதிப்பையும் ஏற்றி, ஒரே மூலநிரலை இயங்கும் நிரலாகக் கம்பைல் செய்து பார்த்தேன். ஸ்னாப்ஷாட்டில், செயலியின் நேரம் எதற்குப் போகிறது என்று காட்டும் 'டாப்' திரையில் கெர்னலின் பங்கு இறங்கவே இல்லை. வேலை முடிவதற்குள் மின்வெட்டு வந்து எல்லாம் பாழானது. இறுதிப் பதிப்பிலோ இரண்டு மின்வெட்டுகளுக்கு இடையில் முடிந்துவிட்டது.

மின்வெட்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. தென்னாப்பிரிக்காவே இருளில் தவித்த 2023-இல் மேசைக் கணினிகளை வரிசையாகப் பரிந்துரைத்தீர்கள்; யூபிஎஸ் பற்றி ஒரு சொல் இல்லை. விலைகளை டாலரில் போட்டீர்கள், ராண்டில் சம்பளம் வாங்கும் எங்களுக்கு. ஒரு மடிக்கணினியை மின்சாரத்திலும் மற்றொன்றை பேட்டரியிலும் ஓட்டி ஒப்பிட்டதைச் சுட்டிக்காட்டி நான் எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. வெளியிடாவிட்டாலும் போகட்டும், படித்ததாகவாவது ஒரு வரி எழுதியிருக்கலாம்.

தங்கள் பக்கத்தை நம்புகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள், ஐயா. எங்கள் கோயில் சங்கத்தின் சர்வர் ஃபிரீபிஎஸ்டி 12-இல் இருக்கிறது. மாற்ற வேண்டும் என்று நான் சொன்னபோது, குழுவினர் தங்கள் கட்டுரையை எடுத்து நீட்டினார்கள். 12-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2023 டிசம்பர் 31-உடன் நின்றுவிட்டன. உறுப்பினர் பட்டியலும் நன்கொடைக் கணக்கும் அதில்தான் கிடக்கின்றன.

வேக அட்டவணை போடும்போது அதன் கீழே பதிப்பின் முழுப் பெயரையும், அது சோதனைப் பதிப்பா இறுதிப் பதிப்பா என்பதையும் அச்சிடுங்கள். இறுதிப் பதிப்பில் மறுபடி அளந்து, முன்பு வந்த அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் வெளியிடுங்கள். அடுத்த குழுக் கூட்டத்துக்கு நான் அதை எடுத்துச் செல்ல வேண்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்