இந்த ஆண்டுச் சுற்றுலாவைக் கெடெலோனுக்கு வையுங்கள்

பாரிஸ் புறநகரில் உள்ள எங்கள் தமிழ்ப் பள்ளியின் நிர்வாகக் குழுவினருக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். ஆண்டுச் சுற்றுலாவுக்கு இடம் தேடத் தொடங்கிவிட்டீர்கள் என்று அறிந்தேன். கேளிக்கைப் பூங்கா என்ற பேச்சும் அடிபடுகிறது. அங்கே பிள்ளைகள் பெற்றோருடன் எப்படியும் போய் வருவார்கள். பள்ளியாகச் சேர்ந்து போவதென்றால் கெடெலோனுக்குப் போக வேண்டும் என்று கேட்கவே, எல்லாப் பெற்றோரும் வாசிக்கும்படி இதை எழுதுகிறேன்.

பாரிஸுக்குத் தெற்கே, பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், பூர்கோஞ் பகுதியில் ஒரு காட்டுக்குள் இருக்கிறது கெடெலோன். 1997இல் அங்கே வெறும் நிலத்தில் ஒரு கோட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். மிஷெல் கியோ, மரிலின் மர்த்தன் ஆகியோர் முன்னின்று தொடங்கிய வேலை. 13ஆம் நூற்றாண்டில் என்ன கருவிகள் இருந்தனவோ அவற்றைக் கொண்டே கட்டுகிறார்கள். கில்பேர் என்ற சிறிய பிரபு 1228இல் கட்ட ஆரம்பித்ததாக ஒரு கற்பனைக் கதையும் வைத்திருக்கிறார்கள். அந்தப் பிரபுவின் வசதிக்கும் அந்தஸ்துக்கும் மீறிய எதையும் கட்டக்கூடாது என்பதற்காகவே அந்தக் கதை. கல், மணல், களிமண், ஓக் மரம் எல்லாம் அந்த இடத்திலேயே கிடைக்கின்றன. பார்க்க வருகிறவர்கள் வாங்கும் நுழைவுச்சீட்டுப் பணத்தில்தான் வேலை ஓடுகிறது.

நான் அங்கே போயிருந்தபோது நெடுநேரம் நின்றது கல் உடைக்கும் இடத்தில். இரும்பு கலந்த, செம்பழுப்பு நிறமான மணற்கல். உடைப்பவர் முதலில் சுத்தியலால் தட்டிக் கேட்கிறார். கணீரென்று ஒலித்தால் கடினமான கல், மந்தமாக ஒலித்தால் மெத்தென்ற கல். பிஃப், பாஃப், பூஃப் என்று ஒலியை வைத்தே கற்களைத் தரம் பிரிக்கிறார்கள். அப்புறம் பாறையில் வரிசையாகக் குழி வெட்டி இரும்பு ஆப்புகளை இறக்கி, ஒவ்வொன்றாகச் சம்மட்டியால் அடித்துக்கொண்டே போகிறார். சட்டென்று அடிப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறார். பாறை தானாகப் பிளக்கிறது. அந்தக் கல்லைச் செதுக்கும் உளிகள் சீக்கிரமே மழுங்கிவிடும் என்பதால், கொல்லர் பட்டறையில் அவற்றைத் தீட்டும் வேலை ஓயாமல் நடக்கிறது. ஒரு சுவர் எழும்ப எத்தனை பேர் வேண்டும் என்று பாடப் புத்தகத்தில் வாசித்தால் பிள்ளைக்குப் புரியாது. அங்கே ஒரு மணி நேரம் நின்றால் புரியும்.

பதின்மூன்று முடிச்சுப் போட்ட கயிறு ஒன்று வைத்திருக்கிறார்கள். முடிச்சுகளுக்கு நடுவே பன்னிரண்டு சம இடைவெளிகள். மூன்று, நான்கு, ஐந்து என்று பிரித்து இழுத்துப் பிடித்தால் சரியான செங்கோணம் வந்துவிடும். நம் பிள்ளைகள் கொலேஜில் (பிரெஞ்சு இடைநிலைப் பள்ளியில்) பிதாகரஸ் தேற்றத்தை மனப்பாடம் செய்கிறார்கள். அந்தத் தேற்றத்தை வைத்துக் கோட்டை கட்டுகிறவர்களை நேரில் பார்க்கட்டும். மத்திய காலமும் கொலேஜ் வரலாற்றுப் பாடத்தில் இருக்கிறது. பெரிய மரச்சக்கரத்துக்குள் ஆள் நடந்து கல் தூக்கும் பாரந்தூக்கியைச் சின்னவர்கள் விட்டு நகர மாட்டார்கள். அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

அங்கே இருப்பவர்கள் வேடம் போட்ட நடிகர்கள் அல்ல, சம்பளத்துக்கு வேலை செய்யும் கல்தச்சர்கள், மரத்தச்சர்கள், கொத்தனார்கள். உடை பழைய பாணி. ஆனால் காலில் பாதுகாப்புக் காலணி, கல் செதுக்கும்போது கண்ணாடி. கேள்வி கேட்டால் உளியை வைத்துவிட்டுப் பதில் சொல்கிறார்கள். 2019இல் நொத்ர்தாம் பேராலயத்தின் கூரை எரிந்து விழுந்தது நம் பிள்ளைகளுக்கும் நினைவிருக்கும். அந்தக் கூரைச் சட்டத்தைத் திரும்பவும் ஓக் மரத்தில் செய்தபோது, கோடரியால் உத்தரம் செதுக்கிய தச்சர்களில் கெடெலோனில் தொழில் பழகியவர்களும் இருந்தார்கள். இந்தக் காலத்தில் இப்படி வேலை செய்து என்ன பயன் என்று கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். கைத்தொழிலைக் குறைவாக நினைத்து, பிள்ளை மருத்துவராகவோ பொறியியலாளராகவோதான் வர வேண்டும் என்று வீட்டில் அழுத்தும் நாமும் இதைக் கேட்க வேண்டும்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். சென்ற முறை போன அரண்மனையில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, அறைக்கு அறை ஓட்டிக்கொண்டு போய், இரண்டு மணி நேரத்தில் பேருந்தில் ஏற்றிவிட்டார்கள். என் மகளுக்கு அங்கே எதைப் பார்த்தாள் என்றே சொல்லத் தெரியவில்லை. கெடெலோனில் அப்படிச் செய்யாதீர்கள். காலையிலேயே போய், மாலை வரை இருக்க வேண்டும். பள்ளிக் குழுக்களுக்குக் கல் செதுக்கும் பட்டறை வைத்திருக்கிறார்கள். அதை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். பிரெஞ்சில் சொல்வதைத் தமிழ் ஆசிரியர்கள் பக்கத்தில் நின்று தமிழிலும் சொல்லுங்கள். உளி, சம்மட்டி, ஆப்பு, சாந்து, சாரம் என்ற சொற்களைப் பொருளைக் கண்முன் வைத்துக்கொண்டு கற்பிக்க இதைவிட நல்ல வாய்ப்புக் கிடைக்காது.

குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். ஆகவே மே அல்லது யூனில் ஒரு நாளைப் பாருங்கள். மழை பெய்தால் தரை சேறாகும், சப்பாத்து நல்லதாக இருக்கட்டும். சாப்பாட்டை நாங்கள் சில பெற்றோர் சேர்ந்து கட்டித் தருகிறோம். பேருந்துச் செலவு கூடுதலாக வந்தால் அதையும் கூட்டத்தில் பேசித் தீர்க்கலாம். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதை முதல் விடயமாக எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மாணவி ஒருத்தியின் தாய்