பயிற்சி முடித்தவர் கண் வார்டில்

ஆசிரியருக்கு,

வணக்கம். செவிலியர்களுக்கு அவசர சிகிச்சை பற்றிய அறிவு போதவில்லை, இன்னும் பயிற்சி வகுப்புகள் வேண்டும் என்று சென்ற இதழ்க் கட்டுரை சொல்கிறது. வகுப்புக்குக் குறைவில்லை. இதயம் நின்றுபோனவரின் மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 செ.மீ. ஆழம் அழுத்த வேண்டும், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் இந்த அடிப்படை உயிர்காப்புப் பயிற்சிக்குத் தரும் பி.எல்.எஸ். சான்றிதழ் 2 ஆண்டு செல்லும். கைப்பழக்கம் சில மாதங்களிலேயே விட்டுப்போகும். வகுப்பு முடித்து வந்தவரைக் கேஷுவாலிட்டியில் வைத்திருக்காமல் கண் வார்டுக்கு மாற்றினால் பயிற்சிப் பொம்மையில் பழகியது என்ன ஆகும்?

24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்களில் நிலைமை இன்னும் மோசம். இரவில் ஒரு செவிலியர்தான். டாக்டரைப் போனில் கூப்பிட வேண்டும். பாம்புக்கடி வந்தால் 2 மி.லி. ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும், உறையாமல் ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது என்று வகுப்பில் சொல்லித்தருகிறார்கள். சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயில் நல்ல ரத்தமும் உறையாமல் ஏமாற்றும் என்பதை நான் கற்றது பக்கத்தில் நின்ற சீனியர் சிஸ்டரிடம். தனியாக நிற்கும் பெண்ணுக்கு அதை யார் சொல்வது? விஷமுறிவு மருந்து ஏற்றும்போது ஒவ்வாமை வந்தால் உடனே போட அட்ரினலின் கையருகில் இருக்க வேண்டும். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் அது பீரோவுக்குள் இருக்கும், சாவி பகல் ஷிப்டுக்காரரோடு வீட்டுக்குப் போய்விடும். எல்லாம் ஸ்டாக் கணக்குக்குப் பயந்துதான்!

இன்னொன்று, துணிச்சல். டாக்டர் வருவதற்குள் ஊசி போட்டு ஏதாவது ஆகிவிட்டால் தலை யாருடையது உருளும்? தொகுப்பூதியத்தில் இருப்பவர் இதை யோசிக்காமல் இருக்க முடியாது. எந்த நிலையில் எந்த மருந்தை டாக்டரைக் கேட்காமலே தொடங்கலாம் என்று எழுத்தில் உத்தரவு இருந்தால் பாதித் தயக்கம் போய்விடும்.

விபத்து சிகிச்சைக்கான டி.ஏ.இ.ஐ. திட்டம் வந்தபின் பெரிய அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளை அவசரத்துக்கு ஏற்பச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்துப் பார்க்கிறார்கள். தினமும் செய்வதால் அங்கே கை தானாக ஓடுகிறது. ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 15 நாள் அங்கே பணிக்கு அனுப்பலாம். அந்த நாட்களில் அவர்கள் இடத்துக்கு மாற்று ஆள் போட வேண்டும்; இல்லையென்றால் எந்த மருத்துவ அலுவலரும் விடமாட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
திருவாரூர் மாவட்டம்